கையெழுத்துப் போடுகிற நாற்காலி

பொய் சொல்வதென்று பினாங்குத் தீவுக்குப் போகப் பிறைத் துறையில் ஃபெர்ரி ஏறும்போதே சூசை வாத்தியார் முடிவு செய்துவிட்டார். எதற்காக இந்த வேலைக்கு வந்தாய் என்று கல்வி ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை கேட்டால், சம்பளத்துக்காக என்றுதான் சொல்லப் போகிறார்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களையெல்லாம் மேற்பார்க்க ஒரு தலைமை இன்ஸ்பெக்டர் வேண்டுமாம். ஜார்ஜ்டவுன் கல்வி ஆபீஸ் வராந்தாவில் சூசையோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். மற்ற மூவரும் டவுன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார்கள். சூசை, நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய கொட்டகையில் பாடம் நடத்துகிறவர். பி.ஏ. படித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தவரைப் பைத்தியம் என்று சொல்லாத ஆள் குறைவு.

ஈப்போவிலிருந்து வந்திருந்த ஆர்தர், சூசையின் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு யாருதுண்ணே? உள்ள இன்னொரு ஆளும் நிக்கலாம் போலிருக்கே."

"எங்க தோட்டத்துக் கிராணியோடது" என்றார் சூசை. சிரிப்பு வரவில்லை.

தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் அந்தக் கிராணிதான் போன மாதம் சேதி சொன்னார். பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி மானேஜர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். ஐந்து மைலில் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பது அவர் கட்சி. ஐந்து மைல் எந்தப் பிள்ளை நடக்கும்? எல்லாம் மறுநாளே புல்லு வெட்டப் போய்விடும். மூடுகிற உத்தரவில் தலைமை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அதனால்தான் காகிதம் தூங்குகிறது என்றார் கிராணி.

சூசை மூன்று மனு எழுதிப் பார்த்தார். மானேஜர் பங்களா வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் தானே போய் உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றிய அன்றைக்கே விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தார்.

முதலில் உள்ளே போனவர் ஆர்தர். கால் மணி நேரத்தில் முகம் சுருங்கி வெளியே வந்தார். படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் துரை இரண்டு கேள்வியில் முடித்துவிட்டாராம். பாக்கி நேரமெல்லாம் வாத்தியார் பஞ்சத்தைப் பற்றிய புலம்பல்தானாம். விளம்பரம் போட்டால் ஆள் வருவதில்லை. ஊரிலிருந்து வரவழைத்தால் ஆறே மாதத்தில் காய்ச்சலோடு திரும்பக் கப்பல் ஏறிவிடுகிறான்.

"நான் இங்க வந்துட்டா என் ஸ்கூலுக்கு ஆளு எங்கன்னு என்னையே கேக்குறாருலா. அது என் தலைவலியா?"

கடைசியாகச் சூசையைக் கூப்பிட்டார்கள். எதற்காக வந்தாய் என்று துரை கேட்டார். நினைத்து வைத்திருந்த பொய்யைச் சூசை தடுமாறாமல் சொன்னார். துரை சிரித்துக்கொண்டார். அடுத்து அந்தக் கேள்வி வந்தது. உன் இடத்தில் பாடம் நடத்த யார் இருக்கிறார்கள்?

 இன்றைக்குக்கூடச் சூசை பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லி, கொட்டகையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான் ஒருத்தன்தான், வேறு யாரும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். துரை ஒரு ஃபைலைப் பிரித்துப் பார்த்தார், மூடினார். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

போச்சு என்று வராந்தாவுக்கு வந்தார் சூசை. மற்றவர்கள் மத்தியானச் சோற்றுக்கு நாசி கண்டார் கடைக்குப் போனார்கள். இவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நாளைக்குப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது? மாதாவே, மாதாவே என்று வாய் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆபீஸ் கிளார்க் அப்துல் ரசாக் வெளியே வந்து, நேராகச் சூசையிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான் சார் தலைமை இன்ஸ்பெக்டர்."

ஆர்தர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அடுத்த தடவை எனக்கும் அந்தக் கோட்டைக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மற்ற இருவரும் அவர் பின்னால் போனார்கள்.

 சூசை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரசாக்கின் கையை விடாமல் மூடுகிற உத்தரவு, மனு, மானேஜர் பங்களா என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"சம்பளத்துக்கு வந்தேன்னு துரைகிட்ட சொன்னது பொய், தம்பி. அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்குத்தான் வந்தேன். மொதல்ல அதை எடுத்துக்கிட்டு வாங்க."

ரசாக் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார். அந்த உத்தரவில் தலைமை இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக மத்தியானம் துரையே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு மணித் தபாலில் அது போயும் விட்டது. அதற்கப்புறம்தான் சூசையின் வேலைக் கடிதத்தை எழுதச் சொன்னார்.

சூசைக்கு விளங்கவில்லை. இத்தனை நாள் தூங்கின காகிதம்.

"இன்னைக்குன்னு பாத்து எதுக்குத் தம்பி போட்டாரு?"

"மூடுற ஸ்கூல்லேருந்து ஆளை எடுத்தா, அந்த எடத்துக்கு வேற வாத்தியார் தேட வேணாமே, சார்."