முந்தி வந்தவள்

அப்பாவின் லாரி தெருமுனையில் திரும்பும்போதுதான் அம்மா சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். சோடாவில் ஊறிச் சுருங்கிய விரல்களைத் துடைத்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் எட்டு வைத்து நடந்தாள்.

ஹாரன் சத்தம் கேட்டதும் மகன் கேட்டுக்கு வந்துவிட்டான். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டான்.

அதற்குள் மகள் வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள். அண்ணனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, லாரிக்கு எதிரே போய் நின்றாள்.

பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அப்பா செல்லம் என்றார்கள்.

இறங்கிய அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக் கிழித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கடவுளுக்கு வாக்குக் கொடுத்தானாம். உயிரோடு வீடு சேர்த்தால், என்னை எதிர்கொண்டு என் வீட்டிலிருந்து முதலில் வருவது உமக்கே. சொல்லி வாய் மூடுவதற்குள் லாரி மணல் மேட்டில் ஏறி நின்றதாம்.

கடவுளுக்குச் சொன்ன சொல். அந்த வீட்டில் அதற்கு மறு பேச்சு கிடையாது.

அம்மா மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

“முந்திரிக்கொட்டை! எல்லாத்துலயும் முந்திக்கிட்டு வரணுமா உனக்கு? ஒரு நிமிஷம் அடங்கி இருந்தா என்னடி?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், “சொல்லிட்டீங்கல்லப்பா, சொன்னபடியே செய்யுங்க” என்றாள்.

சபை மூப்பர் வேதப் புத்தகத்தோடு வந்தார். அதில் ஒரு படைத்தலைவன் இதே வாக்கைக் கொடுத்திருந்தான். அவனுடைய மகளும் இப்படித்தான் எதிரே ஓடிவந்தாள். மலைகளில் சுற்றி அழுது தீர்க்க அவளுக்கு இரண்டு மாதம் கிடைத்தது. இவளுக்குப் பெட்டி கட்ட ஓர் இரவு கிடைத்தது.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று மகன் கேட்டான்.

மூப்பர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள், பிரேக் மாற்றிய அதே லாரியில், கடவுளுக்கு நேர்ந்துவிட்ட பெண்கள் இருக்கும் அர்ப்பண இல்லத்துக்குப் போனார்கள். உள்ளே போகிறவளுக்கு மொட்டை அடிப்பார்கள். கல்யாணம் கிடையாது, கடிதம் கிடையாது. பெற்றவர்கள் செத்தாலும் வெளியே விடமாட்டார்கள்.

அப்பா வழியெல்லாம் அழுதான். மூக்குச் சிந்த வண்டியை இரண்டு முறை நிறுத்தினான்.

அம்மா அழவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. பத்து மாதம் சுமந்து, இத்தனை வருஷம் வளர்த்து, ஒரு துள்ளலில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாளே பாவி என்று பல்லைக் கடித்தபடியே வந்தாள்.

இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போன மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு சாத்தும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் மகன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கிப்போனான். தலை அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தது. அப்பா அசையாமல் ஓட்டினான். லாரி இனி மகனுக்குத்தான்.

ஊர் விளக்குகள் தெரிந்ததும் அப்பா மெதுவாகப் பேசினான்.

“உன் மனசு யாருக்கும் வராது. ‘பையனை வெளிய விட்டுராத, அவளே முதல்ல வரட்டும்’னு நேத்து மத்தியானம் போன்ல சொன்னப்ப, ஏன்னு ஒரு வார்த்தை கேட்காம ‘சரி’ன்னியே.”

அம்மாவுக்கும் மகளுக்கும் போனில் ஒரே குரல். சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள்.

நேற்று மத்தியானம் முழுக்க அம்மா சலவைக்கூடத்தில் இருந்தாள். போன் வீட்டில் இருந்தது.