முன்னால் போகிறது தெரிகிறதா

“முன்னால நாலு எஞ்சின் பெரிய விமானம் ஒண்ணு இறங்குது. தெரியுதா?”

கேட்டுவிட்டு ரேடியோப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே அந்தப் பெரிய விமானம் ஒரு மாடிவீடு மிதந்து வருவதுபோல் தெரிகிறது. அதன் பின்னாலேயே வருகிறவனுக்கு முன்கண்ணாடி முழுக்க அதுதான் நிற்கும்.

பின்னால் வருகிறவன் கிராண்ட் ப்ரௌஸ். முதல் வார்த்தையிலேயே குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். விசாரணை மண்டபத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்ட குரல். செத்தாலும் மறக்காது.

அவனுக்கு என் குரல் தெரியாது. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“தெரியுது” என்று அவன் சொன்னால் போதும். எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, முன்னால் போகிறதை விட்டு விலகி வருவது விமானியின் பொறுப்பு. கோபுரம் கை கழுவிவிடலாம்.

பெரிய விமானம் போன வழியில் அதன் இறக்கைகள் கிளப்பிய சுழல்காற்று அப்படியே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்கு மாதிரிக் காற்றே அசையாத நாளில் சீக்கிரம் கலையவும் கலையாது. நெருங்கி வருகிறவனைக் குப்புறப் புரட்டிப் போட்டுவிடும்.

என் தம்பி ரோரியை அப்படித்தான் போட்டது.

அவன் ஓட்டியது சின்ன விமானம். டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்து சிங்கி இறாலை உயிரோடு ஏற்றி வருவான். தாமதமானால் இறால் செத்துப்போகும். அந்தக் கம்பெனியில் அவனுக்கு மேலே தலைமை விமானியாக இருந்தவன்தான் இந்த ப்ரௌஸ். எவனாவது “தெரியல” என்று சொல்லி, இடைவெளி வாங்கிக்கொண்டு சுற்றி வந்தால் தீர்ந்தது. எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பான்: “குருட்டுப் பயலே, கண்ணாடி வாங்கித் தரவா?”

ரோரி எங்கள் வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டே, கையில் இடுக்கியோடு, ப்ரௌஸைப் போலவே நடித்துக் காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அதே ரோரி, ஒருநாள் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க, முன்னால் போனது எவ்வளவு தூரத்தில் போகிறது என்றே தெரியாமல், “தெரியுது” என்றான். இதே ஓடுதளத்துக்கு முன்னால் இருக்கிற சதுப்புக்காட்டில் விழுந்தான். முதலைகளுக்கு முன்னால் போலீஸ் போய்ச் சேர்ந்ததே அதிர்ஷ்டம் என்றார்கள். அதையும் அதிர்ஷ்டம் என்று கேட்டுக்கொண்டோம்.

விசாரணையில் ப்ரௌஸ் சட்டை கசங்காமல் உட்கார்ந்து சொன்னான்: “பையனுக்கு அவசரம். தெரியலன்னு சொல்லியிருக்கலாமே, யார் தடுத்தா?”

விமானியின் தவறு என்று முடித்துவிட்டார்கள். அம்மா அன்றைக்குப் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

அவனோ வேலை மாறி, ஜெட் விமானத்துக்குக் கேப்டனாகி, இதோ முதுகுக்குப் பின்னால் ஒரு விமானம் நிறைய ஜனங்களோடு வருகிறான்.

சொல்லுடா. சொல்லித் தொலை. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறேன். அவன் சொன்ன மறுநொடியே வேறு பக்கம் திருப்பிக் காப்பாற்றிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ரேடியோ கரகரத்தது.

“தெரியல.”



“தெரியலையா? வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கே, கேப்டன்.”

“தெரியலன்னா தெரியல. இடைவெளி குடுங்க.”

அடப்பாவி. தடுமாற்றமே இல்லாமல், வெகுநாள் பழக்கம் மாதிரி வருகிறது. எத்தனை ஊரில், எத்தனை தெளிவான வானத்தில் இதையே சொல்லியிருப்பான்! பயல்களை எல்லாம் “தெரியுது” என்று சொல்லவைத்துச் சுழலுக்குள் தள்ளியவன், தன் உயிர் என்று வரும்போது மட்டும் அந்தச் சொல்லை வாயில் வைத்ததே இல்லை.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் இடைவெளி கொடுப்பது என் கடமை. கொடுத்தேன்.

“இறங்க வேண்டாம். இடப்பக்கம் திரும்பி, சதுப்புக்காட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

விரலை எடுக்க மனம் வரவில்லை.

“கண்ணாடி வாங்கித் தரவா, கேப்டன்?”

என் பின்னால் மேற்பார்வையாளர் மெர்வினின் நாற்காலி கிறீச்சிட்டது. “கெர்ரின், பைத்தியமா உனக்கு? எல்லாம் பதிவாகுது!”

“ஆகட்டும்.”

ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு தீவு விமானம் புறப்படக் காத்து நின்றது. அதிலிருந்து யாரோ பேசாமல் பொத்தானை மட்டும் இரண்டு முறை அழுத்தினார்கள். டிக், டிக். காதில் விழுந்தது என்பதற்கு இங்கே விமானிகள் செய்வது அது. அவரும் ஒருகாலத்தில் ப்ரௌஸ் முன்னால் நின்றவராக இருக்க வேண்டும்.

ப்ரௌஸின் விமானம் சாய்ந்து திரும்ப ஆரம்பித்தது. கேப்டன் உட்காருவது இடப்பக்க ஜன்னலோரம். இடப்பக்கம் திரும்பினால் கீழே இருக்கிற காடு முழுக்க அவன் கண்ணுக்கு நேரே வரும். தெரிந்துதான் இடப்பக்கம் என்றேன்.

“யார் பேசறது?” என்றான். குரல் இறங்கியிருந்தது.

“ரோரியோட அக்கா. கீழ பாருங்க. அவன் விழுந்த இடம். அதாவது தெரியுதா?”

 மெர்வின் என் தலையிலிருக்கும் ஹெட்செட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். ஒரு நொடி என்று விரலைக் காட்டினேன்.

விமானம் முழுசாக ஒரு சுற்று சுற்றி முடித்தது.

“தெரியுது.”

நானே ஹெட்செட்டைக் கழற்றி மெர்வினிடம் கொடுத்தேன். அவனைப் பத்திரமாக இறக்குவது இனி அவர் பாடு.