கீழ் பெர்த் பெரியவர்

"பெரியவரே, எத்தனை தடவை சொல்றது? வழியில நிக்காதீங்க!"

அத்திராவ் நிலையத்தில் ரயில் கிளம்பியதிலிருந்து பெட்டிப் பொறுப்பாளர் ஜனார்குல் ஓயவில்லை. கீழ் பெர்த் பெரியவர் துலேகெனும் சளைக்கவில்லை.

"இது டீயா, வெந்நியா? பால் எங்கே?"

"பால் வேணும்னா வீட்டுலயே இருந்திருக்கணும். ரிட்டயர் ஆனவருக்கு இந்த அலைச்சல் தேவையா?"

அவள் நகர்ந்ததும் எதிர் பெர்த் ரௌஷான் கேட்டாள். "எங்கே கிளம்பிட்டீங்க, ஐயா?"

"மகளுக்கு இன்னைக்குப் பிறந்தநாள்மா. வேலை வேலைன்னு வீட்டுப்பக்கமே வரமாட்டேங்கறா. அதான் நானே கிளம்பிட்டேன்."

சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். வேகவைத்த குதிரைக்கறி.

"பெட்டி பூரா நாறுது! முதல்ல அந்தக் கத்தியை உள்ளே வைங்க!" ஜனார்குல் மறுபடி வந்து நின்றாள்.

ரௌஷானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மகள் பிறந்தநாளுக்குப் போறவர்கிட்ட இப்படியா எரிஞ்சு விழுவே? உங்கப்பா உன்னை வளர்த்த லட்சணம் இதுதானா?"

"வளர்த்தவர் இதோ உக்காந்திருக்கார். அவரையே கேளுங்க!"

ரௌஷான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டூட்டியில அப்பான்னு கூப்பிட மாட்டாளாம்," என்றார் துலேகென், கொழுப்பான துண்டாகப் பார்த்து வெட்டியபடி. "லீவு கிடைக்கலைன்னா, இவளை வேற எங்கேம்மா போய்ப் பிடிக்கிறது?"

துண்டை மகளின் வாயருகே நீட்டினார்.

"யூனிஃபார்ம்ல திங்கக் கூடாது..."

ஆனால், பெரியவர்கள் கையால் ஊட்டும் கறியை மறுப்பது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை. வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே முறைத்தாள்.

"இப்பவாவது போய்ப் படுங்கப்பா!"