ஞாபகக் கஷாயம்

மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் டிராயிங் மாஸ்டர் டம்ளரை வாங்கினார். உள்ளே இருந்தது பிரஷ் கழுவிய தண்ணீர் மாதிரி கரும்பச்சையாக, கொழகொழவென்றிருந்தது. நாற்றம் அதைவிட மோசம்.

“மடமடன்னு குடிச்சிடுங்க. ஞாபகசக்திக்கு இதை மிஞ்சின மூலிகை இல்லையாம்,” என்றாள் மனைவி. கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்கும்வரை அவள் நகரவே மாட்டாள்.

பாவம், ஐம்பது வயதிலேயே மறதி. போன மாதம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவரும் பொறுப்பு மாஸ்டருடையது. கண்ணில் கட்டோடு பெரியவர் வாசல் பெஞ்சிலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். மாஸ்டருக்கு அப்படியொரு வேலை இருந்ததே ஞாபகமில்லையாம்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே மூலிகை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என்னென்ன ஞாபகம் தப்பியது என்று வைத்தியர் கேட்க, மச்சினி கல்யாணம் தொடங்கி மாமனார் ஆபரேஷன் வரை மாஸ்டர் ஒன்று விடாமல், வரிசை மாறாமல் ஒப்பித்தார். வைத்தியர் தாடியைத் தடவியபடி கேட்டுவிட்டு, அவரை மட்டும் வெளியே உட்காரச் சொன்னார்.

அன்று பிடித்தது சனி. காலையும் மாலையும் கஷாயம். டீ கூடாது, சிகரெட் கூடாது. ஏப்பம் விட்டால்கூட அதே நாற்றம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து டீச்சர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பாசி பிடித்த தன் நாக்கைப் பார்த்தால் மாஸ்டருக்கே அருவருப்பாக இருந்தது.

உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அந்த உண்மை இதைவிட நாறும். அன்று மத்தியானம் முழுக்க அவர் கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தார். நடுவில் மாமனார் நினைப்பு வராமலில்லை. சீட்டு நன்றாக விழுந்துகொண்டிருந்ததால் எழுந்திருக்க மனசு வரவில்லை. இது தெரிந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள்.

இன்று டம்ளர் உதட்டில் பட்டதுமே குடல் வாய்க்கு வந்துவிட்டது. வாஷ்பேசினுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பினால், அவள் இன்னொரு டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள். மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

“எனக்கு மறதியே கிடையாதும்மா. அன்னைக்கு சீட்டாடப் போயிருந்தேன். எழுந்து வர மனசில்லாம பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடு.”

அவள் முகத்தில் துளி ஆச்சரியமில்லை. “தெரியும். உங்களுக்கு மருந்தே வேண்டாம்னு வைத்தியர் அன்னைக்கே சொல்லிட்டார்.”

மாஸ்டர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்போ இத்தனை நாளா எனக்கு எதைக் காய்ச்சிக் கொடுத்தே?”

“அதுவா? மறந்துட்டேன்.”