கடைசி அட்டை

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. பகல் முழுவதும் மேகமூட்டம், மாலையில் பலத்த காற்று, மழை இல்லை.

“வர மாட்டேன்! நீ போ! நீ மட்டும் போ!”

மழலையர் காப்பகத்தின் கூடத்தில் நின்றிருந்த ஆசிரியையின் காலை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, மூன்றரை வயது மிளகு கத்தினாள். உருவம் சிறியது, காரம் பெரியது என்பதால் வீட்டார் இட்ட செல்லப்பெயர் அது. அவளை அழைத்துச் செல்ல வந்த தாய், அவளுடைய சிறு செருப்புகளைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“பாத்தீங்களா டீச்சர்? பன்னெண்டு நாளா இதே கூத்து. பெத்தவ வந்து நிக்கிறேன், நீ போங்கிறா.”

“முன்னெல்லாம் இப்படி இல்லையேம்மா. உங்களைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாம ஓடி வருவாளே.”

“அது அஞ்சு மணிக்கு வந்தப்போ. கண்ணாடிக் கடையில என்னை லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்கு மாத்தினதுலேருந்து ஆறு மணி ஆயிடுது. லேட்டா வர்றேன்னு பழிவாங்குறா. இல்லன்னா என்னையே பிடிக்காமப் போச்சு.” தாய் செருப்புகளைக் கீழே வைத்தார். “இன்னிக்கும் இவளை அழ அழத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போகணும்னா, நாளைக்குக் காலையில வேலையை விட்டுடறேன்னு முதலாளிகிட்ட சொல்லிடுவேன். போதும் டீச்சர்.”

ஆசிரியை சிந்தனையில் ஆழ்ந்தார். பிள்ளைகளின் ஒவ்வொரு பிடிவாதத்திற்கும் ஒரு காரணம் உண்டு என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அக்காரணத்தைக் கண்டறிவதில் அவருக்குத் தீராத ஆவல்.

கூடத்தில் வேறு பிள்ளைகள் எவரும் இல்லை. சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தமக்குரிய பட அட்டையை அதன் கொக்கியில் மாட்ட வேண்டும். மாலையில் அழைத்துச் செல்ல வருபவர் அதைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். இது அக்காப்பகத்தின் விதி. பிள்ளைகளுக்குப் பழக்கிக் காட்டுவதற்காக ஆசிரியையும் தமக்கென்று ஓர் அட்டை வைத்திருந்தார். பதினாறு கொக்கிகளில் இப்போது எஞ்சியிருந்தவை மிளகின் பட்டம் வரைந்த அட்டையும் ஆசிரியையின் ஆமை அட்டையுமே.

ஆசிரியை மண்டியிட்டு, தம் முகத்தைக் குழந்தையின் கண்களுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

“மிளகு, செருப்பை நீயே போட்டுக்கிறியா, அம்மா போட்டுவிடவா?”

மிளகு யோசித்தாள். “நானே போட்டுக்கிறேன்.”

சொன்னபடி, கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, “ஆனா வர மாட்டேன்” என்று மீண்டும் ஆசிரியையைக் கட்டிக்கொண்டாள்.

“வக்கீல் வீட்டுல பொறந்திருக்க வேண்டியது” என்றார் தாய்.

ஆசிரியை மனம் தளராமல் மணல் கடிகாரத்தை எடுத்துவந்தார். “இந்த மணல் எல்லாம் கீழ விழுற வரைக்கும் விளையாடலாம். அப்புறம் கிளம்பலாமா?”

மிளகு விளையாடவில்லை. மணல் இறங்குவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துகள்கள் விழும் தறுவாயில், கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

“அடி கள்ளி!” தாய் தம்மையும் மறந்து சிரித்துவிட்டார். மறுகணமே கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் வாடினார்.

“விளையாட்டைப் பாதியில விட்டுட்டுப் போகக் கோபமா இருக்கா மிளகு?” என்று வினவினார் ஆசிரியை.

“கோபம் இல்ல.”

“அம்மா லேட்டா வந்தாங்கன்னு வருத்தமா?”

“இல்ல. அம்மாதான் வந்துட்டாங்களே.”

தாய் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “அப்போ என்னைப் பிடிக்குமாடி?”

“பிடிக்கும்.”

“பின்ன ஏன்டி வர மாட்டேங்குற?”

மிளகு மறுபடியும் ஆசிரியையின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“ஏன்னு கேக்காதீங்கம்மா. இந்த வயசுல அதுக்குப் பதில் சொல்லத் தெரியாது, திட்டுறோம்னு நினைச்சுக்கும்” என்று மெதுவாகக் கூறிய ஆசிரியை, குழந்தையின் பக்கம் திரும்பினார். “மிளகு, நான் இவ்வளவு நேரம் எல்லாத்தையும் நானாவே சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு நிஜமாவே தெரியல. நீ அம்மாகூடப் போயிட்டா இங்க என்ன ஆகும்?”

காற்றில் ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. மிளகு வெறுமையான கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு பிடியைத் தளர்த்தி, ஆசிரியையின் ஒரு விரலைப் பற்றி இழுத்துக்கொண்டு பலகையருகே சென்றாள். தாயும் பின்தொடர்ந்தார்.

“முயல் போயிடுச்சு. ரயிலு போயிடுச்சு. எல்லாருக்கும் ஆள் வந்தாங்க. எனக்கும் அம்மா வந்துட்டாங்க.” அவள் நுனிக்காலில் எம்பி நின்று ஆமையைத் தொட்டாள். “டீச்சரோட அம்மா மட்டும்தான் ஒரு நாள்கூட வரவே இல்ல. நானும் போயிட்டா டீச்சர் தனியா அழுவாங்கல்ல?”

தாய் பட்டத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்; சற்றுத் தயங்கி, ஆமையையும் கழற்றிப் போட்டுவிட்டு, “கிளம்புங்க டீச்சர், உங்களையும் கூட்டிட்டுப் போக நான் வந்தாச்சு. செருப்பை நீங்களே போட்டுக்கிறீங்களா, நான் போட்டுவிடவா?” என்றார்.

மூவரும் வெளியே வந்து கதவு பூட்டப்பட்டபோது, மணி ஆறு இருபத்தேழு.