மூன்றாவது எட்டு

மாட்டினி தொடங்குகிறது. காரைக்குடித் தியேட்டர் கதவருகே டார்ச்சோடு நிற்கும் சேவுகனின் கண் திரையில் இல்லை, டிரில் டீச்சர் வீரலட்சுமியின் மேல் இருக்கிறது. மூன்று நாளாக முழு டிக்கெட் வாங்குகிறவர், படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீல் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார். கொடுத்த காசுக்குக் கடைசிப் பாட்டுவரை பார்த்துத் தீர்க்கிற ஊர் இது. வெளிநாட்டுப் படம் ஓடினால், மலாயா போன தன் ஆள் கூட்டத்தில் தெரிகிறானா என்று கழுத்தை நீட்டுகிற ஊரும்கூட. சேவுகன் குனிகிறார். “உங்க வீட்டுக்காரக அங்குட்டா இருக்காக?” டீச்சர் சிரிக்கிறார். “ஆளைத் தேடலண்ணே, காலைத் தேடுறேன். இந்த நியூஸ் ரீல்ல வர்றது பெண்கள் உலகப் போட்டி, ஹேண்ட்பால், பந்தைக் கையால எறிஞ்சு கோல் போடுறது. பந்தோட மூணு எட்டுதான் வைக்கலாம்னு புத்தகத்துல இருக்கு. நம்ம பிள்ளைக மூணாவதுல மரமா நின்னுருதுக. சனிக்கிழமை மதுரையில போட்டி. ரெண்டு நாளும் லேட்டா வந்தவுக தலை மறைச்சிருச்சு. நாளைக்கு ரீலை மாத்துறாகளாம்.”

சேவுகன் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டுகிறார். வெளியே முறுக்குப் பொட்டலத்தோடு ஒருவர் குதிக்கிறார். “டிக்கெட் இருக்குய்யா, விடும்!” “பொறுங்க, படம் எங்கயும் போயிராது.” பீடிப் புகைக்குள் வெளிச்சம் நீள்கிறது. திரையில் வெளுத்த முடிக்காரி ஒருத்தி பந்தைப் பிடிக்கிறாள். ஒன்று. இரண்டு. நாற்காலிக்கடியில் டீச்சரின் செருப்பும் கூடவே தட்டுகிறது. மூன்றாவது எட்டை ஊன்றியவள் அந்தரத்தில் இருக்கிறாள். பந்து வலைக்குள் இருக்கிறது. “டீச்சர்!” சேவுகன் கத்தியே விடுகிறார். “மூணாவது எட்டு நிக்கிறதுக்கு இல்ல, எந்திரிக்கிறதுக்கு!” வீரலட்சுமி ஏற்கெனவே எழுந்து நிற்கிறார். பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. “உக்காரு தாயி, மறைக்குது!”