கேள்வி கேட்கச் சொன்ன முதலாளி

கட்டுகஸ்தோட்டையில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அமலதாஸ் முதலாளி, தொழில் வழிகாட்டல் நாளன்று பாடசாலை மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"பொம்பளப் புள்ளைங்க வீட்டோட முடங்கக் கூடாது. என் கடையில கணக்குப் பாக்குறது, சாமான் ஓடர் பண்றது எல்லாமே பொண்ணுங்கதான்."

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் மெலனி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேள்வி இருந்தா பயப்படாம கேளுங்க," என்றார் முதலாளி.

"இதாண்டி சமயம், கேளு," என்று பக்கத்திலிருந்த தோழி டொரதி அவள் விலாவில் இடித்தாள்.

மெலனி எழுந்தாள். "நான் படிச்சு முடிச்சிட்டு வந்தா, ஒங்க கடையை நடத்துற பொறுப்ப என்கிட்டக் குடுப்பீங்களா?"

முதலாளியின் சிரிப்பு மறைந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"கடை தம்பிக்குன்னு எத்தன தடவ சொல்றது? உக்காரு," என்றார் அப்பா.